தசை கூறும் வரலாறு: வன்னி நிலத்து வளைவாழ் விலங்குகளை முன்னிறுத்திய ஒரு நோக்கு

மண்ணுக்குள்ளே வாழும் உயிர்களின் உறைவிடங்களைக் குறிக்கத் தமிழிலே சொற்களுக்குப் பஞ்சமில்லை. அளை, வளை, பொந்து, புற்று, முழை என அவை விரியும். கரையான் எடுத்த புற்றிலே பாம்பு குடிபுகுவதையும், எலி வளையாயினுந் தனி வளையை விரும்பும் மனித மனத்தையும் நம் பழமொழிகள் அறியும். ஆயின் அவ்வளையினுள்ளே தேங்கி நிற்குங் காற்று எத்தகையது, அதனை உட்கொண்டு ஓர் உடல் எவ்வாறு மண்ணை அகழ்கின்றது என்ற வினாக்களைப் பழமொழிகள் எழுப்பவில்லை. அவற்றை அறிவியலாளரும் மிகப் பிந்தியே எழுப்பினர். இத் தாமதம் ஏன் ஏற்பட்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கலைப்பீட மாணவருக்குத் தசையிலே என்ன வேலை என்று கேட்கப்படலாம். தசையின் தொழிற்பாட்டை விளக்குவது விலங்கியலார் கடன். ஓர் அறிவு எவ்வழியால் வந்தது, எங்கே தடைப்பட்டது என வினாவுவது வரலாற்று மாணவரின் உரிமை.

வன்னிப் பெருநிலத்தில் இவ்வினாவுக்குரிய விலங்குகள் பல உள. வயல் வரம்புகளைக் குடையும் அகழான் அவற்றுள் முதன்மையானது. அகழ் என்னும் வினையடியாகப் பிறந்த இப்பெயர் ஈழத்துத் தமிழ் வழக்கிற்குரியது. ஆங்கிலேயர் இவ்வினத்துக்கு வழங்கும் 'பண்டிக்கூட்' என்ற பெயரோ, பன்றியெலி எனப் பொருள்படும் 'பந்திக்கொக்கு' என்ற தெலுங்குச் சொல்லின் திரிபாகும். அகழான் நெற்கதிரைக் கொய்து நிலத்தடி அறைகளிலே சேமிக்கும்; வளைவாயிலைத் தளர்மண்ணால் உள்ளிருந்தே அடைத்துக்கொள்ளும். அழுங்கும் அத்தகையதே. செதிலுடைய பாலூட்டிகளுள் இலங்கைக்குரியது இவ்வோர் இனமே. பகலெல்லாம் ஆழ்ந்த வளையிற் சுருண்டு கிடந்து, இரவிலே வெளிப்பட்டுக் கரையானையும் எறும்பையும் தேடும் இவ்விலங்கு, உள்ளே தங்கும்போது வாயிலை மண்ணால் மூடிவிடும் என்பர். முள்ளம்பன்றியும் வெள்ளெலியும் இவ்வரிசையிற் சேர்வன. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலிய மண்ணணைக் குளங்களைப் பேணுவோருக்கு அகழானும் முள்ளம்பன்றியும் வேண்டா விருந்தாளிகள். குளக்கட்டிற் குடைந்த வளை, வெள்ளகாலத்தில் நீர்க்கசிவுக்கு வழியாகிவிடும்.

இந்நிலத்தின் மழையும் கருதற்பாலது. வன்னியின் ஆண்டு மழையிற் பெரும்பங்கு ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையிலான மாதங்களிலே பெய்துவிடுகின்றது. வறண்ட மண்ணின் துளைகளிலே காற்று நிற்பதால் மேலுள்ள வாயுக்களும் கீழுள்ள வாயுக்களும் ஒருவாறு கலந்துகொள்ளும். மாரியில் அத்துளைகளை நீர் நிரப்புகின்றது. நீரினூடு வாயுக்கள் பரவும் வேகம், காற்றினூடு பரவும் வேகத்திற் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவினதே. மேலே நூற்றுக்கு ஏறத்தாழ 21 பங்கு ஒட்சிசன் இருக்க, அடைபட்ட வளையினுள்ளே விலங்கின் மூச்சும் வேர்களின் மூச்சும் மண்ணுயிர்களின் மூச்சும் சேர்ந்து ஒட்சிசனைக் குறைத்துக் காபனீரொட்சைட்டைப் பெருக்கும். அந்நேரத்திலே இடிந்த சுரங்கத்தைத் திருத்த வேண்டியும் நேர்கின்றது. மண்ணகழ்தல் தசைக்கு மிகக் கடிய வேலை. வேலை செய்யுந் தசை ஒட்சிசனைப் பன்மடங்கு வேண்டும். மிகுதியாகத் தேவைப்படும் வேளையில் மிகக் குறைவாகக் கிடைப்பதே வளைவாழ்வின் முரண்பாடு.

இம்முரண்பாடு இலங்கையின் பழைய இயற்கைநூலாரின் கண்ணிற் படவில்லை. இத்தீவில் 1819இல் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்று, படை மருத்துவராகப் பணியாற்றிய கெலாட், 1852இலே இலங்கை விலங்குகளைத் தொகுத்துரைக்கும் நூலொன்றை வெளியிட்டார். 1861இல் எமர்சன் ரெனன்ற் தம் இயற்கை வரலாற்று நூலிலே, கண்டிப் பகுதியிற் பிடிபட்ட அழுங்கு ஒன்று தம் வீட்டிலே எறும்பு தேடி அலைந்ததையும், தன் தேவையை உணர்த்தத் தம் முழங்காலில் ஏறியதையும் அன்போடு எழுதினார். கொழும்பு நூதனசாலை 1877இல் திறக்கப்பட்டது. அரசாங்க அதிபர் பதவிகளை வகித்த ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களுக்கென ஒரு கைந்நூலை ஆக்கினார். குளங்களையும் ஊர்களையும் உழவர் வழக்கங்களையும் அறிய அது இன்றும் நமக்கு இன்றியமையாதது. தோட்டத்துரையாக வந்து விலங்கியலாளராக மலர்ந்த டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் 1935இல் இலங்கைப் பாலூட்டிகள் பற்றிய பெருநூலை வெளியிட்டார்.

இவர்தம் உழைப்பைக் குறைத்து மதிப்பது என் கருத்தன்று. இவர்கள் இல்லையேல் எவ்விலங்கு எவ்விடத்தது என்ற அடிப்படையே நமக்கு இராது. ஆயின் அக்கால நூதனசாலை முறைமையை உற்று நோக்குதல் வேண்டும். சுடப்பட்ட பாலூட்டியின் தோல் உரிக்கப்பட்டுப் பஞ்சு அடைக்கப்படும். மண்டையோடு கொதிக்கவைத்துத் துப்புரவாக்கப்படும். வாலின் நீளமும் பாதத்தின் நீளமும் காதின் நீளமும் சிறு சீட்டில் எழுதிக் காலிற் கட்டப்படும். எஞ்சிய தசை எறியப்படும். வெப்ப நாட்டிலே அது ஒரு நாளைக்கும் நில்லாது. இனத்தைப் பிரித்தறியத் தோலும் பல்லும் போதுமாதலின், அம்முறை அதன் நோக்கிற்குப் பொருத்தமானதே. ஆயினும் வளைவாழ்வின் மறைபொருளைத் தன்னுள்ளே கொண்டிருந்த உறுப்பு, ஆவணக் காப்பகத்தின் வாயிலிலேயே கழித்தொதுக்கப்பட்டது. எழுதப்பட்ட அரசாணைகளைப் பேணி உழவன் கணக்கோலையைக் கறையானுக்கு விட்ட நம் வரலாற்றுக் காப்பகங்களின் நினைவு இவ்விடத்து வருதல் இயல்பே.

காற்றைப் பற்றிய அறிவு இதற்குப் புறம்பான வேறொரு வழியால் வளர்ந்தது. அதன் தொடக்கத்திலும் ஓர் எலியே நிற்கின்றது என்பது சுவையான செய்தி. இங்கிலாந்தின் ஜோன் மேயோ 1674இலே வெளியிட்ட நூலில், மூடிய கண்ணாடிக் கலத்துள் இருக்கும் எலி காற்றின் ஒரு பகுதியையே பயன்படுத்தி மடிவதை விளக்கினார். அவருக்கு நூறாண்டு பின்னர், பிரீஸ்ற்லி தாம் பிரித்தெடுத்த புதிய வாயுவில் எலி கூடிய நேரம் உயிரோடிருப்பதைக் கண்டார். லவோசியே அவ்வாயுவுக்கு ஒட்சிசன் எனப் பெயரிட்டு, மூச்சும் ஒருவகை எரிதலே என நிறுவினார். 1875இல் 'செனித்' என்னும் வளிக்கூண்டில் உயரப் பறந்த மூவருள் இருவர் மாண்டனர். ஒட்சிசனின் அமுக்கம் குறைவதே மலை நோய்க்குங் காரணம் எனப் போல் பேர் 1878இல் வெளியிட்ட பெருநூல் நிறுவியது. இங்கிலாந்தின் ஹோல்டேன் நிலக்கரிச் சுரங்கங்களுள் இறங்கி அங்குள்ள நச்சுக்காற்றை ஆராய்ந்தார்; மூச்சின் வேகத்தை முதன்மையாக ஆள்வது காபனீரொட்சைட்டே என 1905இல் அவரும் உடனாய்வாளரும் காட்டினர். இவ்வாராய்ச்சியின் பெரும்பகுதி மலையேறிகளையும் சுரங்கத் தொழிலாளரையும் பற்றியது. கண்ணாடிக் கலத்துள் எலியை அடைத்தோர், அவ்வெலி இயல்பாக வாழும் அடைபட்ட கலத்தை, அதாவது வளையை, எண்ணிப் பார்க்கவில்லை.

இவ்வறிவு தமிழுக்குப் புதிதாக நேற்று வந்ததென எவரும் கருதலாகாது. மானிப்பாயிலே மருத்துவக் கல்வியைத் தமிழிற் புகட்டிய அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் முயற்சியால் வேதியியல் நூலொன்று 'கெமிஸ்தம்' என்ற பெயரில் 1875இலும், உடற்றொழிலியல் நூலொன்று 'மனுஷ சுகரணம்' என்ற பெயரில் 1883இலும் தமிழாக்கம் பெற்றன. பேரின் நூலுக்கும் பின்னதற்கும் இடையே ஐந்தாண்டு இடைவெளிதான். மூச்சையும் குருதியையும் பற்றித் தமிழிலே கற்ற ஒரு தலைமுறை யாழ்ப்பாணத்திலே இருந்தது. அவர்கள் கற்றது மனித உடலை. அதுவே மருத்துவரின் தேவையுமாகும்.

நூலறியாக் கிணறு வெட்டுவோருக்கும் இக்காற்றைப் பற்றிய அறிவு உண்டு. ஆழக்கிணற்றில் இறங்குமுன் அரிக்கன் இலாம்பைக் கயிற்றில் இறக்கிப் பார்ப்பதும், குழைக்கட்டை மேலுங் கீழும் அசைத்துக் காற்றைக் கலக்குவதும் பழகிய முறைகள். ஒட்சிசன் நூற்றுக்கு 17 அளவிற்குத் தாழும்போது சுடர் அணைந்துவிடும். அவ்வளவில் மனிதன் மயங்கி வீழ்வதில்லை. ஆகவே இலாம்பு மனிதனை முந்திக்கொண்டு எச்சரிக்கின்றது. தமிழகத்து இருளர் மட்பானையிற் புகைமூட்டி எலிவளையுள் ஊதுவதும் இவ்வறிவின் மறுபக்கமே. வளையினுள்ளிருக்கும் எலியை வெளிப்படுத்தப் புகை வேண்டியிருப்பதே, அடைபட்ட காற்று மட்டும் அதனைத் துரத்தப் போதாது என்பதற்குச் சான்று எனலாம்.

இனித் தசைக்கு வருவோம். கோழிக்கறி உண்போர் யாவரும் கண்டதொன்று, தொடை இறைச்சி கருமையாகவும் நெஞ்சு இறைச்சி வெளிறியும் இருப்பது. ஓயாது நடக்குங் காலின் தசையிலே மயோகுளோபின் என்னும் செம்புரதம் மிகுதி. குருதியின் ஈமோகுளோபின் சுமந்துவரும் ஒட்சிசனைத் தசைக்குள்ளே ஏற்றுச் சேமித்து, வேண்டும்போது இழைமணிகளுக்கு வழங்குவது இப்புரதமே. டென்மார்க்கின் ஓகஸ்ற் குறோக், தசையின் மயிர்த்துளைக் குழாய்களுட் பல ஓய்வின்போது மூடியிருந்து உழைப்பின்போது திறந்துகொள்வதைக் கண்டறிந்து 1920ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார். மயோகுளோபினின் முப்பரிமாண அமைப்பை 1958இல் வெளியிட்ட ஜோன் கென்றூ, 1962இல் அப்பரிசைப் பெற்றோருள் ஒருவர். அவர் ஆராய்ச்சிக்குத் தெரிந்தெடுத்தது திமிங்கிலத்தின் தசை. ஆழ்கடலில் மூழ்கும் விலங்கின் தசை இப்புரதத்தால் ஏறத்தாழக் கறுத்தே இருக்கும். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தோர் ஓரிரு நிமிடம் அடக்கிய மூச்சைத் திமிங்கிலம் ஒரு மணிக்கும் மேலாக அடக்கவல்லது. எனினும் மூழ்கும் விலங்கு ஈற்றில் மேலே வந்து நல்ல காற்றை நிறைய இழுத்துக்கொள்கின்றது. வளைவாழ் விலங்குக்கு அவ்வாய்ப்பும் அரிது. குறைந்த காற்றிலேயே அது பிறந்து, உழைத்து, குட்டியீன்று, மாய்கின்றது.

விலங்கைக் கண்டோரும் காற்றை அளந்தோரும் ஒருவரையொருவர் சந்திப்பதற்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அச்சந்திப்பு பெரிதும் மத்தியதரைக் கடலின் கீழைக் கரையிலே நிகழ்ந்தது. அங்கே வாழும் கண்ணற்ற அகழெலியை இஸ்ரேலிய ஆய்வாளர் பலர் ஆராய்ந்தனர். ஹைஃபா பல்கலைக்கழகத்து எவியாதார் நெவோ அவருள் குறிப்பிடத்தக்கவர். இவ்விலங்கின் கண் தோலுக்குள்ளே மறைந்து போயிற்று. மழையால் நனைந்த களிமண்ணிலே அதன் வளைகளின் காற்றை அளந்தபோது, ஒட்சிசன் ஓரிடத்தில் நூற்றுக்கு 7 அளவிற்குத் தாழ்ந்தும் காபனீரொட்சைட்டு 6 அளவிற்கு உயர்ந்தும் காணப்பட்டன. இவ்வளவீடு 2005இல் வெளிவந்தது. வெளிக்காற்றிலே காபனீரொட்சைட்டு நூற்றுக்கு 0.04 மட்டுமே என்பதை ஒப்புநோக்கின் இதன் கடுமை புலனாகும்.

அத்தகைய காற்றில் உழைக்கும் தசை எவ்வாறு அமைந்துள்ளது? 1997இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இவ்வகழெலியை வெள்ளெலியாகிய ஆய்வுகூட எலியோடு ஒப்பிட்டது. நல்ல காற்றிலே இரண்டும் ஏறத்தாழ ஒரே திறனுடன் ஓடின. ஒட்சிசனைக் குறைத்தபோது ஆய்வுகூட எலி விரைவிலே தளர்ந்தது. அகழெலியின் தளர்ச்சி குறைவாக இருந்தது. காரணத்தைத் தசையிற் கண்டனர். அகழெலியின் தசையில் மயிர்த்துளைக் குழாய்களின் அடர்த்தி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதிகம்; இழைமணிகளின் அடர்த்தி ஏறக்குறைய அரைப்பங்கு அதிகம். குருதிக்கும் இழைமணிக்கும் இடையே ஒட்சிசன் கடக்க வேண்டிய தூரம் இதனாற் குறைகின்றது. தூரம் குறைந்தால் மெலிந்த அமுக்கமும் அதனை உரிய இடத்திற் சேர்க்கப் போதுமானதாகும். கிளைவாய்க்கால்களை நெருக்கமாக வெட்டிய வயலிலே குளத்தின் நீர்மட்டம் தாழ்ந்தபோதும் கடைமடைக்கு நீர் சேர்வது போன்றது இது. தசையிலே மயோகுளோபின் மிகுந்திருப்பதை 2010இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டியது.

கிழக்கு ஆபிரிக்காவின் மயிரற்ற அகழெலி வேறொரு வழியைக் காட்டியது. 1842இலேயே அறிவியலுலகு அறிந்த விலங்கு அது. 2017இலே வெளிவந்த ஆய்வின்படி, ஒட்சிசனே இல்லாத காற்றில் அது 18 நிமிடம் வரை தாக்குப்பிடித்து, நல்ல காற்று வந்ததும் மீண்டெழுந்தது. நூற்றுக்கு 5 அளவு ஒட்சிசனில் 5 மணித்தியாலம் தொல்லையின்றி இருந்தது. அதே காற்றிலே சுண்டெலி கால் மணித்தியாலத்துக்குள் மாண்டது. ஒட்சிசன் அற்ற வேளையில் அதன் மூளையும் இதயமும் குளுக்கோசைவிட்டுப் பிரற்றோசை எரிபொருளாகக் கொள்ளுகின்றன. குளுக்கோசைச் சிதைக்கும் பாதையிலே ஒட்சிசன் குறைந்தால் மூடிக்கொள்ளும் ஒரு மதகு உண்டு. பிரற்றோசு அம்மதகைச் சுற்றிக்கொண்டு அப்பாற் செல்லும். தாவரங்களுக்கு இயல்பான ஒரு வழியைப் பாலூட்டி ஒன்று கைக்கொண்டது என்பதே அக்காலத்து வியப்பாயிற்று.

வன்னியின் அகழானையும் அழுங்கையும் இவற்றோடு அப்படியே ஒப்புவைத்தல் தகாது. இவை பாதி வாழ்வை மண்ணுக்கு மேலே கழிப்பன. கண்ணிழந்த அகழெலியின் முன்னோர் பல இலட்சம் தலைமுறையாக மண்ணுள்ளேயே அடைபட்டோர். எனினும் அழுங்கைப் பற்றி ஒன்று உறுதியாகக் கூறலாம். எறும்பும் கரையானும் உண்டு வாழும் பாலூட்டிகளை ஒப்பாய்ந்த மக்னாப் 1984இலே காட்டியவாறு, அழுங்கினத்தின் உடல்வெப்பம் தாழ்ந்தது. உடலெரிவின் வேகமும் அதன் எடைக்குரிய அளவிற் குறைந்தது. ஊட்டங் குறைந்த உணவு இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. காரணம் எதுவாயினும் மூடிய வளையினுள் அதன் பயன் வெளிப்படை. குறைவாக எரிப்பவனுக்குக் குறைந்த காற்றும் நெடுநேரம் போதும். கண்ணற்ற அகழெலி வரவைப் பெருக்கிக் குடும்பம் நடத்துகின்றது. அழுங்கோ செலவைச் சுருக்கிக் குடும்பம் நடத்துகின்றது. பின்னதையே நம் ஊர்ப் பாட்டிமார் மெச்சுவர் என்று நினைக்கின்றேன்.

வன்னியிலே நிலத்துள் வாழ்ந்தவை விலங்குகள் மட்டுமா? போர்க்காலத்திலே, 2009 மே மாதம் வரை, வீடுதோறும் பதுங்குகுழி இருந்தது. பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை ஏற்றிய அக்குழிகளைக் குழந்தைப் பருவ நினைவாக உடையோர் என் தலைமுறையிற் பலர். இறுதி மாதங்களிலே சேலைகளைத் தைத்து மண்மூட்டையாக்கினர். மனிதத் தசைக்கு அகழெலியின் வாய்ப்பு எதுவுமில்லை. மலையேறுபவனின் குருதி மெலிந்த காற்றுக்குப் பழகவே வாரக்கணக்காகும். ஆறு அடி நீளமும் ஐந்து அடி அகலமும் நான்கு அடி உயரமுமான குழியொன்றிலே அறுவர் இருந்து, அதன் வாயில் மண்சரிந்து முற்றாக அடைபட்டது எனக் கொள்வோம். அதன் காற்று ஏறத்தாழ மூவாயிரம் இலீற்றர். ஓய்ந்திருக்கும் வளர்ந்தவர் ஒருவர் நிமிடத்துக்குச் சுமார் கால் இலீற்றர் ஒட்சிசனை உட்கொண்டு அதனிலுஞ் சற்றுக் குறைந்த காபனீரொட்சைட்டை வெளிவிடுவார். இக்கணக்கின்படி முக்கால் மணித்தியாலத்தை அடுத்து மூச்சு முட்டத் தொடங்கும்; ஒன்றேகால் மணித்தியாலமளவில் இலாம்பு அணையும். குழிகளின் வாயில் திறந்தே இருந்தமையாற் காற்று வந்து போயிற்று. மண்சரிந்து வாயில் மூடியபோது, வெளியிலிருந்தோர் வெறுங்கையால் ஏன் அவ்வளவு பதைப்புடன் மண்ணைத் தோண்டினர் என்பதற்கு இவ்வெண்களே விடை.

அழுங்குக்கு இன்றுள்ள இடர் காற்றினால் வருவதன்று. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள் கட்டளைச் சட்டம் இலங்கையில் அதற்குப் பாதுகாப்பளிக்கின்றது. உலகின் அழுங்கினங்கள் எட்டினதும் பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்ய 2016இல் நாடுகள் உடன்பட்டன. இருந்தும் இறைச்சிக்காகவும் செதிலுக்காகவும் அது வேட்டையாடப்படுகின்றது. வாயிலை அடைத்துக்கொண்டு உறங்கும் பழக்கமே, புதுமண்ணைக் கண்டு வளையை இனங்காணும் வேட்டைக்காரனுக்கு வழிகாட்டியாகிவிடுகின்றது.

அகழானின் நிலை வேறு. அதற்கு அழிவென்ற அச்சமில்லை. காலபோக அறுவடை முடிந்ததும், மாசி பங்குனியிலே, உழவர் வரம்புகளை வெட்டி அதன் அறைகளிலிருந்து நெல்லை மீட்பர். வெட்டுவதற்கு முன்னர் மெல்லிய குழாயொன்றை வளையுட் செலுத்தினால் உள்ளிருக்குங் காற்றை அளந்துவிடலாம். மாரி நடுவே, வரம்பு ஊறிக் கிடக்கும் மார்கழியிலும் அவ்வாறு ஒருமுறை அளக்கலாம். வெட்டும்போது அகப்படும் விலங்கின் தசையில் ஒரு துண்டை உடனே உறையவைத்தால் மயிர்த்துளைக் குழாய்களை எண்ணலாம். இலண்டனிலோ கொழும்பிலோ பஞ்சடைத்து வைக்கப்பட்ட தோல்களிலிருந்து இவற்றுள் ஒன்றையும் இனி எண்ண முடியாது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் உள்ளன; அவற்றுக்கும் நெல்வயல்களுக்கும் இடைத்தூரம் துவிச்சக்கரவண்டியிற் செல்லக்கூடியதே.